பதினான்காம் இலக்கம்

பெட்டியின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என்னோடு மின்வேலை படித்தவரின் கையெழுத்து. சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பழைய மூன்று மாடி வீடு. நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில், சுவரில் பதித்த ஃபியூஸ் பெட்டி. எந்தச் சுவிச் எந்த அறைக்குப் போகிறது என்று கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் வரிசையாக எழுதியிருந்தது. ஒன்று சமையலறை, இரண்டு குளியலறை என்று போய், பதின்மூன்று படிக்கட்டு விளக்கு. பதினான்குக்கு எதிரே வெறும் கேள்விக்குறி. ஏழு வருடம் கழித்தும் அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான்.

இதே ஊரில் ஒரு களஞ்சிய நிறுவனத்தில் பதினாறு வருடம் லாரிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தவள் நான். நிறுவனம் வேறிடம் போனது, வேலையும் போனது. நாற்பது வயதில் மின்வேலை படிக்கப் போகிறேன் என்றதும் சித்தி தொலைபேசியில், "உனக்கென்ன விசரே பிள்ளை? ஏணியில ஏறி வயர் இழுக்கப் போறியோ?" என்று கேட்டார். வகுப்பில் எல்லாருக்கும் பதினாறு, பதினேழு வயது. நாற்பதை எட்டிய எங்கள் இருவரையும் ஒரே மேசையில் இருத்தினார்கள். மற்றவர் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்துவிட்டு வந்தவர். அவருடைய தாய் கிரேக்க நாட்டிலிருந்து வில் நகரத்து ஆலை ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர் என்பதால் வகுப்பில் அவருக்குக் கிரேக்கர் என்று பெயர். அந்த மொழியில் வணக்கம் சொல்வதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கதைத்தது சுவிஸ் ஜெர்மனில். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்.

இரண்டாம் வருடம் இந்த வீட்டுக்கு எங்களை ஒன்றாக அனுப்பினார்கள். அவர் பெட்டியடியில் நின்று ஒவ்வொரு சுவிச்சாக இறக்குவார். நான் அறை அறையாக ஓடி, விளக்கு அணைந்ததும் "நூந்திட்டுது!" என்று கத்துவேன். பதினான்கை இறக்கியபோது எங்கும் எதுவும் நூரவில்லை. ஆனால் அதை மீண்டும் மேலே தள்ளியதும், கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியில் மிகச் சிறிய எண் ஒன்று வந்தது. பரண், தோட்டம், அழைப்பு மணி எல்லாம் பார்த்தோம். நான்காவது தடவை மாடியேறி இறங்கியபோது என் பொறுமை போய்விட்டது. எதற்கும் போகாத சுவிச்சுக்கு எதிரே "ரிசெர்வ்" என்று எழுதுவது இங்கே வழக்கம்.

"ரிசெர்வ் எண்டு எழுதும், போவம்," என்றேன்.

"எங்கேயோ போகுதப்பா. போறதை இல்லையெண்டு எப்பிடி எழுதிறது?" என்று கேட்டுவிட்டு அவர் கேள்விக்குறியைப் போட்டார்.

தன் குடும்பத்தைத் தேடுவதிலும் அவர் அப்படித்தான். தாய் இறந்தபோது விட்டுச்சென்றது ஒரு படம் மட்டும். அதில் தாயின் தகப்பன் ஒரு கல்வீட்டின் முன் கைகட்டி நிற்கிறார். எந்த ஊர், அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் தாய் எழுந்து போய் அடுப்பைத் துடைக்கத் தொடங்குவாராம். மகன் மூன்று வருடம் அலுவலகம் அலுவலகமாக எழுதி, கடைசியில் அந்த நாட்டு நகரம் ஒன்றில் தாயின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருவரைக் கண்டுபிடித்தார். வயதான பெண். கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுக்க, இரண்டு பேரும் தினமும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் தன் எலுமிச்சை மரத்தைப் படமெடுத்து அனுப்புவார். ஊர்ப் பெயரைக் கேட்டால், கோடையில் வா, நானே கூட்டிப்போய் வீட்டையும் கல்லறையையும் காட்டுகிறேன் என்பார். "அந்த வாசலில ஒருக்கா நிக்கோணும். வேறயொண்டும் வேண்டாம்," என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லிச் சொல்லியே என் காது புளித்துப்போனது. லீவும் எடுத்துவிட்டார்.

ஒருநாள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு காலம் கழித்து ஏன் வீட்டைத் தேடுகிறாய்? அதை அவர் சிரித்துக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தேன் என்பதுதான் சரி. என் அப்பா இறந்த பிறகு ஊரில் அவர் பிறந்த வீட்டின் படம் ஒன்றைக் கேட்டு எழுதினேன். படம் வரவில்லை. பெரியப்பாவின் மகன் வேலியை எங்கள் பக்கம் மூன்று முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்ற செய்திதான் வந்தது.

"அது காணிப் பயம், பங்கு கேட்டு வாறீர் எண்டு," என்றேன். "காணியும் வேண்டாம், வீடும் வேண்டாம், தேவையெண்டால் கையெழுத்து வைச்சுத் தாறன் எண்டு எழுதும். அப்பதான் நம்புவினம்."

"நான் காணியைப் பற்றி யோசிக்கவே இல்லையே."

"நீர் யோசிக்கேல்லை, அவை யோசிப்பினம். எனக்கு உந்த ஆக்களைத் தெரியும்."

உந்த ஆக்களாம்! கிரேக்க நாட்டை நான் வரைபடத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெரியப்பாவின் மகன்தான். ஆனால் கிரேக்கர் என்னை நம்பி, நான் சொன்னபடியே எழுதி அனுப்பினார். வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊர்ப் பெயர்கூடத் தெரியாமல் எங்கே போவது? லீவை ரத்துச் செய்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, அழுது, மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்காமலே படிப்பு முடிந்தது. அவர் வில் நகரத்துக்கே வேலைக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு நான் வந்தது இந்தப் பெட்டியை மாற்றிப் புதிய தாள் ஒட்டுவதற்கு. பதினான்கை இறக்கிவிட்டுத் தனியே எல்லா அறைகளுக்கும் போய் வந்தேன். எதுவும் நூரவில்லை. இறக்குமுன் அளந்தபோது கருவியில் அதே சின்ன எண்தான். முதலாளியைக் கேட்டால், "ரிசெர்வ் என்று போட்டுவிட்டு வா," என்கிறார். தாளைப் படமெடுத்துக் கிரேக்கருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இன்னுமோ?"

"ஓம். அதே ஓட்டம்தான்."

"அங்கயும் அதேதான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த மனுசிக்கு வாழ்த்து அனுப்பிறன். வாசிக்கிறா. பதில் இல்லை."

இயந்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஏழு வருடமாக எழுதாததை எழுதினேன். "அந்த வரியை எழுதச் சொன்னது நான். எனக்கு அவையைப் பற்றி ஒண்டும் தெரியாது. தெரியும் எண்டு சொன்னது பொய். மன்னிச்சுக்கொள்ளும்." இரண்டு குறிகளும் நீலமாகின. காத்திருந்தேன். துணி இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. பதில் வரவில்லை. பதினான்கை மீண்டும் மேலே தள்ளிவிட்டு, புதிய தாளில் அதற்கு எதிரே கேள்விக்குறி போட்டேன்.