சூமோவின் மூன்று பாராட்டு

அரப் சூமோவின் வாய் எங்கள் இடென் மலை முழுக்கப் பிரசித்தம். பதினெட்டு வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். அந்த முகாமில் உகாலிக் களி கிண்டுகிறவள் நான். "காலு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது, நீ மட்டும் இங்கயே நிக்கிற" என்று அவர் திட்டினால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று ஓடும். தேறாது என்று தெரிந்துவிட்ட பிள்ளையை மட்டும் திட்டவே மாட்டார். "நல்லா ஓடினம்மா" என்று தோளைத் தட்டுவார். மறுவாரம் அது ஊருக்குக் கிளம்பிவிடும்.

போன மாதம் எல்டோரெட் நகரத்தில் பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஒரு குறை சொன்னால் மூன்று பாராட்டு சொல்ல வேண்டுமாம். மனிதர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, திங்கட்கிழமையே ஜெபிவோட்டிடம் ஆரம்பித்துவிட்டார். முகாமிலேயே வேகமான பிள்ளை அது. சனிக்கிழமை மாவட்டத் தேர்வு ஓட்டம். முதல் இரண்டு பேருக்குத்தான் தேசியப் போட்டியில் இடம்.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தால் பிள்ளை பையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பிடவும் இல்லை.

"கோச் என்னைக் கைவிட்டுட்டாரு அத்தை. மூணு நாளா நல்லா ஓடினம்மான்னே சொல்றாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியும் கையுமாகப் போய் சூமோவைப் பிடித்தேன்.

"நீங்க பாராட்டினா இந்தப் புள்ளைங்களுக்கு ஊருக்குப் போற வண்டிச் சத்தம்தான் கேக்குது. அது தெரியுமா உங்களுக்கு?"

மனிதர் பேயறைந்தவர் போல நின்றார். தனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் அப்படி ஒரு பழக்கமா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு விடுவிடென்று போய் வாசலில் நின்ற ஜெபிவோட்டை மறித்தார்.

"எங்க கிளம்பிட்ட? அந்த இடது முழங்கையை வச்சுக்கிட்டு கோழி விரட்டவா போற? போய் ஷூவை மாட்டு."

பிள்ளைக்கு உயிர் வந்தது. பின்னாலேயே வந்த என் காலடியில் பையைப் போட்டுவிட்டு ஓடியது.

சனிக்கிழமை கடைசிச் சுற்றில் ஐந்தாவதாக இருந்தவள் மூன்று பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். மூச்சிரைக்க நேரே சூமோவிடம் வந்து, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"முழங்கை இன்னும் ஆடுது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உன்னையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நிறுத்த மறந்துட்டேன்" என்றார்.

பிள்ளை அங்கேயே உட்கார்ந்து சிரித்தது, அழுதது. இது என்ன மாதிரிப் பாராட்டு என்று அதற்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.