வால்டர் விழுங்காத மாத்திரைகள்

திருவொற்றியூரில் பேட்டரிக்கு வேண்டிய மாங்கனீசு ஆக்சைடு தூள் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வால்டர் பதினாறு வருடமாக ஃபர்னஸ் ஆபரேட்டர். தூளைச் சூடேற்றுவது பெரிய விஷயமில்லை, ஆறவிடுவதில்தான் வேலையே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு டிகிரியாகச் சூடு இறங்கினால் உள்ளே அணுக்கள் அதனதன் இடத்தில் வரிசையாக அமரும். அவசரப்பட்டு உலைக் கதவைத் திறந்தால் தாறுமாறாக நின்றுவிடும். ஒருமுறை, கூட வேலை பார்த்த ஸ்டானிஸ்லாஸ் நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டு, முழுசாக ஆறியது என்று லாக் புக்கில் எழுதினார். மேலாளரிடம் சொன்னது வால்டர்தான். ஸ்டானிஸ்லாஸை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வருடம் வால்டரின் கால்களில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. காய்ச்சலும் விடவில்லை. இரத்தக் குழாய்களில் அழற்சி என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குழாய்ச் சுவரைத் தாக்குகிறதாம். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்து, நீங்களாக நிறுத்தவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நான்தான் குறைப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

புள்ளிகள் மறைந்தன. ஆனால் அந்த மாத்திரையால் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்தவர் ஒருவர், குடியைக் குறைத்துக்கொள் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வால்டர் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை. மறுநாளிலிருந்து, மனைவி டோரதி கையில் வைக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பாத்ரூமில் போய்த் துப்ப ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் முகம் வற்றியது. உடம்பு துவண்டது, புள்ளிகள் திரும்பின. ஒரு நாள் வலது பாதத்தைத் தூக்கவே வரவில்லை.

மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். வால்டர் வாய் திறப்பதற்குள் டோரதி முந்திக்கொண்டாள்.

"டெய்லி நானே என் கையால குட்க்கிறேன் டாக்டர். ஒரு நாளும் தவறல."

அப்படியானால் இந்த மருந்து கேட்கவில்லை, வீரியமான ஊசி மருந்துதான் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். கிருமித் தொற்று வரலாம், சிறுநீரில் இரத்தம் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சம்மதப் படிவத்தை நீட்டினார். டோரதி பேனாவைக் கேட்டு வாங்கினாள். படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

"அவ பொய் சொல்லல டாக்டர். நான்தான் முழுங்கல. ரெண்டு மாசமா துப்பிகினு கீறேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது வால்டருக்கு. படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, ஸ்டீராய்டையே முதலிலிருந்து தொடங்கலாம் என்று அன்றே வார்டில் சேர்த்தார்.

வீடு திரும்பிய அன்று டோரதி மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நீயே எட்த்துக்கோ. நான் பாக்க மாட்டேன்."

வேலைக்குப் போன முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வலது காலை இழுத்துக்கொண்டு ஸ்டானிஸ்லாஸிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

"நீ ஒரு வாட்டிதான் பொய் எழுதுன. நான் அறுவது நாளு."

ஸ்டானிஸ்லாஸ் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

பாதம் முழுசாகச் சரியாகவில்லை. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறார். டாக்டர் மாதாமாதம் மருந்தின் அளவைக் கொஞ்சமாகக் குறைக்கிறார். முகம் மறுபடி உப்பியிருக்கிறது. யாராவது கேட்டால் வியாதியின் பெயரைச் சொல்லிவிடுகிறார். டோரதி மட்டும் எதுவும் கேட்பதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் சமையலறை வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறார். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.