சாதுவான கட்டி

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சட்டை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பாத்ரூம் போய்வரும் பெண்களை வாசலில் நின்று முறைப்பதுதான் அவர் பார்த்த வேலை. அங்கே அவருக்குக் ‘கொள்ளிக்கண்’ என்று பெயர். வீட்டிலும் அதே கண்தான். காப்பி கொஞ்சம் ஆறியிருந்தால் டம்ளர் பறக்கும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பதைத் தாண்டியதும் மெல்ல மெல்ல அடங்கினார். ஆறின காப்பியை அப்படியே குடித்தார். கம்பெனியில் பெண்கள் அரட்டையடித்தால் பக்கத்தில் நின்று அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

“வயசானா பக்குவம் வரும்டா,” என்றாள் அக்கா. அவள் கன்னத்தில் சதை பிடித்தது அந்த நாட்களில்தான்.

அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அருகிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அது உறைக்கவே இல்லை. அதையும் பக்குவத்தில் சேர்த்துவிட்டோம். நாங்களும் லேசுப்பட்டவர்களா?

ஒருநாள் வேலையிடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் படத்தில், நெற்றிக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை.

“கேன்சர் இல்லம்மா, சாதுவான கட்டிதான்,” என்றார் டாக்டர். “ஆனா ரொம்பப் பெருசு. வருஷக்கணக்கா மூளைய ஒதுக்கித் தள்ளிட்டு வளந்திருக்கு. அவர் குணம் மாறினது, வாசனை தெரியாம போனது எல்லாம் இதாலதான். எடுத்துட்டா பழைய ஆளா திரும்பிடுவாரு.”

“பழைய ஆளாவா?” என்றாள் அக்கா. அதைச் சந்தோஷம் என்று நினைத்து டாக்டர் தலையாட்டினார்.

“எடுக்காம விட்டா?”

“பார்வை போகும். அப்புறம் உயிரும் போகும்.”

அக்கா ஸ்கேன் படத்தை உறைக்குள் செருகினாள். “எடுத்துடுங்க டாக்டர்.”

முதலில் கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்தார்கள். மறுநாள் மண்டையோட்டைத் திறந்தார்கள். முழுசாக இழுத்தால் மூளைக்கு ஆபத்து என்று உள்ளே குடைந்து குடைந்து, துண்டு துண்டாக எடுத்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டு மீட்டது யாரை?

கண் விழித்த சில நாளிலேயே, “இதென்ன தலையணையா, கருங்கல்லா?” என்று நர்ஸ் மேல் எரிந்து விழுந்தார். டாக்டர் பூரித்துப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது. “ஃபேன் யாருக்காக ஓடுது? எவன் அப்பன் வீட்டுக் காசு?”

“கத்தாதீங்க,” என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல். “தையல் பிரிஞ்சிடும்.”

மனுஷன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தையல் ஆறி, முடி வளர்ந்து, வேலைக்கும் போகிறார். இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தைக்கு வாயை மூடிக்கொள்கிறார். வீரம் அவ்வளவுதான்.