வெறியில் கிடந்த அணில்

மாரி மழை பிடித்துவிட்டால் அணில்கள் படும் பாடு சொல்லி மாளாது. பனை வட்டுக்குள்ளும் ஓட்டு இடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, மழை கொஞ்சம் ஓய்ந்ததும் பசியோடு இறங்கி ஓடிவரும். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்துக்கு அப்படி வந்த அணில்களுக்கெல்லாம் படியளந்தவர் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எனக்கு ஏழு வயதாயிருந்தபோது ஒரு ஐப்பசியில் ஒற்றைப் பையோடு வந்து எங்களுடன் தங்கினார். குடித்துக் குடித்து வேலையையும் வீட்டையும் தொலைத்துவிட்டு, இப்போது விட்டுவிட்டவர். எனக்கு முன்னால் மட்டும் அதைச் 'சுகமில்லாமல் இருந்தவர்' என்று நாசூக்காகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் காது கேளாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

அப்பாவோ தேவாலயத்தில் மதுவிலக்குக் கூட்டம் நடத்துகிற ஆள். சோடாப் போத்தல் திறக்கும் சத்தத்துக்கே முகம் சுளிப்பவர். ஒரு சொட்டு வாயில் பட்டாலும் அன்றைக்கே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் மாமாவை ஏற்றுக்கொண்டார். மாமாவுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

கார்த்திகையில், நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்காக அம்மா பழங்களை வெட்டி ஊறப்போட்ட கிழமை, மாமா அணில்களுக்குத் தீனி வைக்கத் தொடங்கினார். விடிந்தும் விடியாமலும் எழும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைப்பார். அதில் கச்சான் கடலையும் தேங்காய்ச் சொட்டும் இருக்கும். சிரட்டைக்குள் மழைத்தண்ணி நிறைகிறது என்று அதற்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைவார்.

"தம்பி, குடையை உனக்குப் பிடி. அணிலுக்குக் காய்ச்சல் வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடத் தேவையில்லை" என்பார் அம்மா.

"அதுகள் இந்த மழைக்குள்ளை வேறை எங்கையக்கா போறது?" என்பார் மாமா.

ஒருநாள் காலை அவர் மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அணில்களை என் பொறுப்பில் விட்டிருந்தார். பெருமை பிடிபடவில்லை எனக்கு. ஆனால் கச்சான் பையைத் திறந்தால் ஈரத்துக்கு எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அரிசி வாளிக்குப் பின்னால் அம்மாவின் கேக்குப் பழப் போத்தல் இருந்தது. தோடம்பழச் சாற்றில் ஊறுகிறது என்று அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். எனக்கு அது இருமல் மருந்து போல மணந்தது. மழையில் நனைந்த சீவன்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஏது? பிளம்ஸும் செரியுமாக ஒரு கரண்டி அள்ளிச் சிரட்டையில் போட்டேன்.

மாமா திரும்பி வந்தபோது, ஒரு அணில் கொய்யா மரத்தில் ஏறுவதும் பொத்தென்று விழுவதுமாக இருந்தது. கடைசியில் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்துவிட்டது. மாமா பதறிப்போய் அதைத் துவாயில் சுற்றி எடுத்தார். சத்தம் கேட்டு வந்த அப்பா குனிந்து சிரட்டையை மணந்து பார்த்தார்.

"எங்கையிருந்து வந்தது உது?"

"எனக்குத் தெரியாது அத்தான். நான் தொடேல்லை."

"அப்ப, அணில் தவறணைக்குப் போய்க் குடிச்சிட்டு வந்ததோ? உம்மடை பையை எடும்."

மாமா வாதாடவில்லை. பலமுறை பொய் சொன்னவரின் உண்மைக்கு எவ்வளவு மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அணிலை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்ப் பையோடு வந்தார். அந்தப் பையைக் கண்டதும் நான் அணிலோடு போய் அப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

"அப்பா, நான்தான் வைச்சனான். அம்மாவின்ரை கேக்குப் பழம்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய்ப் பழப் போத்தலையும், அதற்குப் பின்னால் ஒளித்திருந்த பிராண்டிப் போத்தலையும் கொண்டுவந்து வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் யாரோ கொடுத்ததாம். பிராண்டி விடாவிட்டால் கேக் பழுதாகிவிடுமாம். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தக் கேக்கை இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று கேட்டு வாங்கித் தின்றவர் அப்பா.

அம்மா பிராண்டிப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தான் பழத்துக்கு விட்டது போக மிச்சம் அப்படியே இருந்தது. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உது அங்கை இருக்கிறது உனக்குத் தெரியுமோ?"

"நீ மூடி திறந்த அண்டைக்கே மணந்திட்டுது அக்கா. குசினிக்கும் என்ரை அறைக்கும் நடுவிலை ஒரு சுவர்தானே. தாங்கேலாமல்தான் விடிய எழும்பி உந்த அணில்களிட்டைப் போறனான்."

பிறகு அப்பா மாமாவின் கையிலிருந்த பையை வாங்கி, தானே தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்தார். பின்னேரம் வெறி முறிந்த அணில் மாமாவின் விரலை ஒரு கடி கடித்துவிட்டுக் கொய்யா மரத்தில் பாய்ந்து ஏறியது.

அம்மா மட்டும் குசினி வாசலில் குந்தியிருந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் முதுகைத் தடவிச் சொன்னேன்:

"அழாதேங்கோ அம்மா. நான் ஒரு கரண்டிதான் எடுத்தனான். மிச்சம் கேக்குக்குக் காணும்."