அம்மாவுக்காக எடுத்த கெசட்

எங்கள் வீட்டில் யாரிடமும் கெமரா இருந்ததில்லை. ஆனாலும் அக்காவின் கல்யாணத்துக்கு முந்திய மார்கழி முழுவதும் இரண்டு வீடியோ கெமராக்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டும் பதுளையில் ஒரு ஸ்டூடியோக்காரருடையவை. ஒன்று தோளில் தூக்கி வைத்துப் பிடிக்கும் பெரியது, மற்றது உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னது. எனக்கு அப்போது பத்து வயது, உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை என்ற நினைப்பு. கெமரா என்றால் பெரியதுதான் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் காரணம் அம்மா. மூன்று வருடங்களாக அவள் வெளிநாட்டில் ஓர் அரபுக் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு இருந்தாள். கல்யாணத்துக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வீட்டில் வீடியோ டெக் இருக்கிறது, கல்யாணத்தைக் கெசட்டில் எடுத்து அனுப்பினால் ஒரு வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்க விடுவார்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். 'மூத்தவ கழுத்துல தாலி ஏறுறத நான் கண்ணால பார்த்துரணும்' என்ற வரியை அக்கா படிக்கும்போதெல்லாம் அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், ஆனால் எனக்கு அழுகை சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு கையில் ஒரு பிடி தூள், மறு கையில் இன்னொரு பிடி என்று வைத்து முகர்ந்து பார்த்தே காலம் கழித்தவர். எங்கள் ஊர் லுணுகலைச் சந்தையில் விளக்குமாறு வாங்கப் போனாலும் இரண்டை எடுத்துப் பெருக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் கெமராவைச் சும்மா விடுவாரா? அக்காவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போனார். அக்காவை முதலில் இருட்டு மூலையிலும் பிறகு வாசல் வெளிச்சத்திலும் நிறுத்தி, இரண்டு கெமராவிலும் எடுத்துக் காட்டச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

டீவியில் போட்டுப் பார்த்தோம். பெரியதில் சேலையின் சிவப்பு அசல் சிவப்பாக இருந்தது. ஆனால் இருட்டு மூலையில் அக்காவின் கண்களையே காணவில்லை. அதற்கென்று இருந்த பெரிய லைட்டைப் போட்டால் மூக்கும் நெற்றியும் மாவு பூசியதுபோல வெளுத்துப்போயின. சின்னதில் முகம் முகமாகவே தெரிந்தது. அதன் குறை என்னவென்றால், அதிலுள்ள சின்ன கெசட் டெக்கில் போகாது, பெரிய கெசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும், அப்போது நிறம் கொஞ்சம் மங்கும். அப்பா அதையும் பதியச் சொல்லி, பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சேலய அவ எந்தக் கடையிலயும் பார்த்துக்குவா. புள்ள மொகத்த எங்க பார்ப்பா? சின்னதே இருக்கட்டுங்க."

பெரியது கிடைக்காத கோபத்தில், லுணுகலை வந்து சேரும்வரை நான் பஸ் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

அம்மாவின் கடிதம் வந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தது. வேலை கூடியிருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பா, அம்மா வேலைக்கு இருந்த வீட்டுக்கு டெலிபோன் பேச டவுனுக்குப் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் லயத்து வரிசை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். லைன் கிடைக்கவில்லை என்றார். நல்ல சமயம் என்று நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பெரிய கெமராவையே எடுப்போமா என்று கேட்டேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"எதுன்னாலும் ஒண்ணுதான். ஒனக்குப் புடிச்சதச் சொல்லு" என்றார்.

தோட்டத்துக் கோயில் பந்தலில் கல்யாணம் நடந்தது. பெரிய கெமராவின் லைட்டைப் போட்டதும் லயத்து பல்புகள் எல்லாம் மங்கின. ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். இது நான் தெரிந்தெடுத்த கெமரா என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவும் கெசட்டில் வர வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவந்து மணவறைக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். வெறுமையாக இருந்ததால், அக்காவுக்குச் சூடி மிஞ்சிய பூச்சரத்தை எடுத்து அதற்குப் போட்டேன். சாமி படத்துக்குப் போடுகிறோமே, அதுபோலத்தான். உயிரோடு இருப்பவர்கள் படத்துக்குப் பூ போடக்கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. அப்பா வந்தார். சரத்தைப் பிடித்து இழுத்த வேகத்தில் நூல் அறுந்து பூக்கள் கொட்டின. அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். கெமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. நிலைமையைச் சமாளிக்க நான், அம்மாவுக்கு ஏதாவது சொல்லுங்கப்பா என்றேன். அவர் நிமிர்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் யோசிக்காத. வந்துரு" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. லைட் கூசுகிறது என்று நினைத்தேன்.

கெசட் வந்ததும் அடுத்த லயத்தில் டெக் இருந்த வீட்டில் போட்டுப் பார்த்தோம். தாலி கட்டும் நேரத்தில் அக்காவுக்கு முகமே இல்லை, வெறும் வெள்ளை. அப்பா கெசட்டைத் துணியில் சுற்றித் தைத்து, தபாலில் போடுவதாக எடுத்துப்போனார்.

அதன் பிறகு அம்மாவிடமிருந்து கடிதமே வரவில்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை கெசட்டைப் போட்டிருப்பாள், மகளின் முகம் தெரிந்திருக்காது, எங்களை வெறுத்துவிட்டாள். யாரிடமும் சொல்ல முடியாத பாவமாக அது எனக்குள் கிடந்து அரித்தது. அப்பா சின்னதைத்தான் சொன்னார், குற்றம் என்னுடையது, என்னை மன்னித்துவிடு என்று வருடக்கணக்கில் எழுதி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். என் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. துணியில் தைத்த பொதியும் இருந்தது. மேலே அம்மாவின் பெயர் எழுதியிருந்தது, அதற்குக் கீழே விலாசம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா தன்னிடம் மட்டும் சொல்லியிருந்ததை அப்போதுதான் அக்கா சொன்னாள். அப்பா டெலிபோன் பேசப் போன அன்றைக்கு லைன் கிடைத்திருக்கிறது. அம்மா அந்த வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது, எங்கே போனாள் என்று தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று அப்பா மூடி மறைத்திருக்கிறார். பிறகு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அம்மா அந்தக் கெசட்டைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தால் என் பாரம் குறைய வேண்டும். குறையவில்லை. எதுன்னாலும் ஒண்ணுதான் என்று அன்றைக்கு அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சொன்னதும், நான் ஜெயித்துவிட்டேன் என்று லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.