எட்டாவது அப்பாச்சி

லாமார் ஸ்டக்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. அந்தப் பதினெட்டு மாதத்தைத்தான் 2015 செப்டம்பரில் மேலிடத்து ஆணை ஒன்று அவரிடமிருந்து பறிக்கப் பார்த்தது.

ஆணை சொன்னது இவ்வளவுதான். அமெரிக்க மாநிலங்களின் பகுதிநேரச் சேமப்படைகளிடம் உள்ள அப்பாச்சி போர் ஹெலிகாப்டர்கள் அத்தனையும் முழுநேரப் படைக்குப் போக வேண்டும். பதிலுக்கு, முழுநேரப் படை ஓட்டித் தேய்த்த பிளாக் ஹாக் ரக ஹெலிகாப்டர்கள் சேமப்படைக்கு வரும். கிரேஞ்சர் ஊர் விமானக் கொட்டகையில் நின்ற எட்டு அப்பாச்சிகளும் செப்டம்பர் முப்பதுக்குள் கைமாறியாக வேண்டும்.

"நம்ம புதுசாட்டம் துடைச்சி வச்சிருக்கறத அவனுங்களுக்குக் குடுக்கணும். அவனுங்க கழிச்சிக் கட்டுனத நாம வாங்கிக்கணும். இதுக்குப் பேரு சீரமைப்பாம்" என்றான் மிக்கெல் உரியார்ட்டே. லாமாரிடம் பதினோரு வருடமாக வேலை செய்யும் மெக்கானிக். ஆட்டுப்பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை, வாய் நிற்காது.

லாமாரின் கவலை வேறு. வாரநாள் ஐந்திலும் கொட்டகையில் அவர் சிவிலியன் ஊழியர். மாதம் ஒரு சனி ஞாயிறு மட்டும் சீருடை போட்டால் சார்ஜென்ட். சீருடைப் பதவி இருந்தால்தான் வாரநாள் வேலை. அந்தப் பதவியின் பெயர் அப்பாச்சி சோதகர். அப்பாச்சி போய்விட்டால் அப்பாச்சி சோதகர் எதற்கு? பிளாக் ஹாக் பயிற்சிப் பள்ளியில் அக்டோபர் ஐந்தாம் தேதி தொடங்கும் வகுப்பில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் போய் உட்கார்ந்தால் வேலை நிலைக்கும். ஆனால் எட்டு ஹெலிகாப்டரும் கைமாறும்வரை ஒரே சோதகரான அவரை அனுப்ப முடியாது என்று மேஜர் ஹாக்ஸ்டெட் சொல்லிவிட்டார்.

பெற்றுக்கொள்ள வந்தவள் முழுநேரப் படையின் சார்ஜென்ட் ரெனாட்டா கின்யோனஸ். இருபத்தேழு வயது. செப்டம்பர் பதினான்காம் தேதி, திங்கள் காலை ஏழு இருபதுக்கு ஒரு கையில் காபியும் ஒரு கையில் பட்டியலுமாக வந்து நின்றாள். லாமார் வெந்நீரில் கோகோ கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் சேர்ந்த கிறிஸ்தவ சபையில் காபி குடிக்கக் கூடாது.

"சார்ஜென்ட் ஸ்டக்கி, முதல் மெஷின் ஓகே. ரெண்டாவதுல, மேல சுத்தற நாலு இறக்கையில மூணு தப்பா இருக்கு" என்றாள் பத்தரை மணிக்கு.

"தப்பா? போன மாசம்தாம்மா பறந்துச்சு."

"பறந்துச்சு, சரி. பட்டியல்ல இருக்கற இறக்கை இது இல்ல."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனே விளங்கியது. தலைமையகத்தில் யாரோ, ஹெலிகாப்டர்கள் கிரேஞ்சருக்கு முதன்முதலில் வந்தபோது எழுதிய தாள்களிலிருந்து அதைத் தொகுத்திருக்கிறார்கள். எந்த ஹெலிகாப்டரில் எந்த எண்ணுள்ள இறக்கை என்று. அதற்குப் பிறகு பல வருடம் ஓடிவிட்டது. முழுநேரப் படையில் ஆட்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். சேமப்படையில் ஆட்களும் மாறுவதில்லை, ஹெலிகாப்டரும் நகர்வதில்லை. உதிரி பாகம் வரத் தாமதமானால் பக்கத்து ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்வதுதான் அங்கே வழக்கம், பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்குகிற மாதிரி. ஒவ்வொரு மாற்றலையும் தேதி, மணி, காரணத்தோடு லாமார் எழுதி வைத்திருந்தார். முப்பத்திரண்டு இறக்கையில் பத்தொன்பது, பட்டியலில் சொன்ன இடத்தில் இல்லை.

"என் ஏட்டைப் பாரும்மா. ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு இருக்கு."

"உங்க ஏடு சரியாத்தான் இருக்கும். ஆனா என் கையெழுத்து இந்தப் பட்டியலுக்குத்தான். இதுல இல்லாததுக்குப் போட்டா எங்க ஊர்ல என் தோலை உரிச்சிடுவாங்க."

இந்தச் சீரமைப்புக்குக் கிட்டத்தட்ட நூறு கோடி டாலர் செலவழிப்பவர்களுக்கு ஒரு பட்டியலைச் சரியாக அடிக்கத் துப்பில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றே தலைமையகத்தின் பட்டியல் அலுவலகத்துக்குத் திருத்தப் படிவம் அனுப்பினார், பத்தொன்பது வரி. மறுநாள் திரும்பி வந்தது: இது பழைய படிவம். புதுப் படிவத்தில் அதே பத்தொன்பது வரியை மறுபடி எழுதி அனுப்பினார். பதில் வந்தது: பரிசீலிக்க நாற்பத்தைந்து வேலைநாள் ஆகும்.

தொலைபேசியில் கூப்பிட்டார். இருபத்தாறு நிமிடம் பாட்டு கேட்டபின் ஒருவன் எடுத்தான்.

"சார், அவசரம்னு குறிச்சிருக்கீங்களா?"

"அதுக்குக் கட்டமே இல்லையேப்பா உங்க படிவத்துல."

"ஆமா சார், போன வருஷம் எடுத்துட்டாங்க" என்றான், வானிலை சொல்கிறவன் மாதிரி.

உரியார்ட்டே ஒரு வழி சொன்னான். "பிரதர் ஸ்டக்கி, பட்டியல்ல இருக்கற நம்பரை ஏட்டுல எழுதிடுங்க. எவன் ஏறிப் பாக்கப் போறான்?"

"ஓர் இறக்கைக்கு இத்தனை மணி நேரம்னு ஆயுசு இருக்கு மிக்கெல். நம்பரை மாத்தி எழுதினா, ஆயுசு முடிஞ்சதைப் புதுசுன்னு நெனச்சு எவனோ ஒருத்தன் ஓட்டுவான். அது உன் மவனா இருந்தா எழுதுவியா?"

"எனக்கு மவனே இல்ல."

"அதான் இப்படிப் பேசற."

ஆக மிஞ்சியது ஒரே வழி. பட்டியலைத் திருத்த முடியாவிட்டால் ஹெலிகாப்டரைத் திருத்துவது. பத்தொன்பது இறக்கைகளையும் கழற்றி, பட்டியல் சொல்கிற இடத்தில் மாட்டி, அதிர்வு பார்த்து, ஒவ்வொன்றையும் பறக்கவிட்டுச் சோதிப்பது. ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லாத ஏழு ஹெலிகாப்டர்களை, ஒரு தாளுக்காகப் பிரித்துப் போடுவது. இதைவிட மடத்தனமான வேலையை முப்பத்தோரு வருடத்தில் தான் செய்ததில்லை என்று மனைவி வெர்லாவிடம் அவர் சொன்னார். வெர்லா இரண்டு பெரிய தட்டில் பாலாடைக்கட்டி போட்ட கிழங்கு வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள், ஆட்களுக்கு.

செப்டம்பர் 26, 27 பயிற்சி நாட்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள் சீருடையில் வந்தார்கள்: பல் வைத்தியர், கணக்கு வாத்தியார், பால்பண்ணைக்காரர் இருவர், பனி அள்ளும் லாரி ஓட்டுநர். விஷயத்தைக் கேட்டதும் பல் வைத்தியர், "ஆரோக்கியமான பல்லைப் பிடுங்கிப் பக்கத்துல நடற மாதிரி இல்ல இருக்கு?" என்றார். ஆனாலும் ஏணியில் ஏறினார். கின்யோனஸும் சட்டைக்கையை மடித்துவிட்டு ஓர் இறக்கையின் நுனியைப் பிடித்தாள்.

"நீங்க வாங்கிக்க வந்தவங்க. தூக்கக் கூடாது" என்றான் உரியார்ட்டே.

"ஏன், இங்க கெழவனுங்க மட்டும்தான் தூக்கணும்னு சட்டமா?"

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ஏழு ஹெலிகாப்டர்களுக்கு அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எட்டாவதற்கு இறக்கை மாட்டியாகிவிட்டது, பறத்தல் சோதனை மட்டும் பாக்கி. ஐந்து பத்துக்குக் காற்று அளவைத் தாண்டியது. திங்கள் காலை பறக்கலாம் என்று விட்டார்கள். லாமார் அன்று வீட்டில் பயிற்சிப் பள்ளிக்குப் பெட்டி எடுத்து வைத்தார்.

திங்கள் காலை ஏழு நாற்பதுக்குப் பட்டியல் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது. இனி புதுப் பட்டியலே செல்லும். நிதியாண்டு முப்பதாம் தேதி முடிவதால் மேசையில் கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தீர்த்திருக்கிறார்கள்.

அவர் அதை மூன்று முறை படித்தார். புதுப் பட்டியல் அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தது, வெள்ளிக்கிழமை வரைக்கும். இப்போது எட்டாவது ஹெலிகாப்டரில் பழைய பட்டியலின் இறக்கைகள். புதுப் பட்டியல் கேட்கிறவையோ, கைமாறி முடிந்த மூன்று ஹெலிகாப்டர்களில். வாழ்நாள் முழுக்க ஒரு தாளைக்கூடக் கவனிக்காமல் விடாத மனிதர், படிவத்தைத் திரும்பப் பெற மறந்திருந்தார்.

கின்யோனஸிடம் அவரே போய்ச் சொன்னார்.

அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். பிறகு, "நான் இன்னும் மெயிலைத் திறக்கல சார்ஜென்ட். பறந்து முடிஞ்சதும் நேத்து தேதி போட்டுக் கையெழுத்துப் போடறேன். நீங்க கெளம்புங்க" என்றாள்.

"நேத்து அது பறக்கலையேம்மா."

உரியார்ட்டே தலையில் கைவைத்துக்கொண்டான். "ஒரு தேதி பிரதர். ஒரே ஒரு தேதி. உங்க பதினெட்டு மாசம் அதுல இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"இருபத்தேழாம் தேதி சாயந்திரம் காத்துன்னு நான்தான் எழுதியிருக்கேன் மிக்கெல். கண்ட்ரோல் டவர்லயும் இருக்கு. அடுத்த மாசம் எவனாச்சும் ரெண்டையும் சேத்துப் பாத்தா இந்தப் பொண்ணு வேலை போகும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களோட வேலை செய்யறதும் பாறையில முட்டிக்கறதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு ஏழு ஹெலிகாப்டருக்கான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி வகுப்பில் லாமாரின் இடத்தில் உரியார்ட்டே உட்கார்ந்தான். லாமார் எடுத்து வைத்த பெட்டியைப் பிரித்தார். வேலை போய்விட்டது என்றே அவரும் வெர்லாவும் நினைத்தார்கள். எட்டாம் தேதி மேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"லாமார், ஒரு விஷயம். அப்பாச்சி ஒண்ணு நம்ம கணக்குல நிக்கற வரைக்கும் சோதகர் பதவியை எடுக்கக் கூடாதாம். விதி."

"அப்ப நான்?"

"நீதான் அந்த சோதகர்."

எட்டாவதன் இறக்கைகளுக்காக லாமார் மறுபடி ஒரு திருத்தப் படிவம் அனுப்பினார். நிதியாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது; ஒருவருக்கும் அவசரமில்லை. டிசம்பரில் திரும்பி வந்தது: பெற்றுக்கொள்ளும் சோதகரின் ஒப்பம் தேவை. கின்யோனஸ் அதற்குள் தென்கொரியாவுக்கு மாற்றலாகியிருந்தாள். அவளைத் தேடிப் பிடித்து ஒப்பம் வாங்க மார்ச் ஆனது. ஏப்ரலில் மறுபடி வந்தது: ஒப்பமிட்டவர் அந்தப் பதவியில் இப்போது இல்லை. அவளுக்குப் பின் வந்தவரும் மாற்றலானார். ஒவ்வொரு வேலைநாளும் லாமார் எட்டாவது ஹெலிகாப்டரைச் சுற்றி வந்து, இறக்கைகளைத் தடவிப் பார்த்து, எண்ணெய் பார்த்து, குறை இல்லை என்று எழுதினார். பறக்காத ஹெலிகாப்டரில் என்ன குறை வரும்? ஆனாலும் பார்க்காமல் எழுதவில்லை.

2017 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. பதினெட்டு மாதம் முடிந்தது. கொட்டகையில் கேக் வெட்டினார்கள். மேஜர் அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார்.

"லாமார், இன்னும் ஆறு மாசம் இருக்க முடியுமா? நீ போயிட்டா இந்தச் சனியனுக்குச் சோதகர் இல்ல. சோதகர் இல்லாம வச்சிருக்கவும் கூடாதாம், அனுப்பவும் கூடாதாம்."

லாமார் மேசையிலிருந்த படிவக் கட்டை எடுத்து மேஜர் கையில் வைத்தார்.

"ஏழு தடவை அனுப்பியிருக்கேன் சார். எட்டாவது தடவை நீங்க அனுப்புங்க. புதுப் படிவம்தானான்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க."

வெர்லா வெளியே பிக்கப் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தாள். மணி நாலு தாண்டி ஐந்து நிமிடம். வருகைப் பதிவேட்டில் அதை எழுதிவிட்டு அவர் போய் ஏறிக்கொண்டார்.