பனிக்கடல் கப்பலும் கொட்டாஞ்சேனை மேடையும்

கொட்டாஞ்சேனையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசகர் வட்டத்துக்குப் பதினொரு வருடமாகப் போய்வந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துப் போய், இரண்டாவது வரிசையில் இருந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவேன். ஒருவரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் செயலாளர் போன் எடுத்தார்.

"அக்கா, அடுத்த மாதம் நீங்கள் கதைக்கிறீங்களோ? பெண்கள் ஒருத்தரும் பேசுறேல்லை எண்டு குறை சொல்லினம்."

"என்ன தலைப்பு?"

"அதை நீங்களே சொல்லுங்கோ."

யோசிக்காமல் சொன்னேன். "வட துருவத்துக்கு ஆராய்ச்சிக்குப் போன ஒரு மரக்கப்பலின்ரை வரலாறு."

"எங்கடை ஆக்கள்ரை கப்பலோ?"

"இல்லை. நோர்வேக்காரற்றை."

"அக்கா, கொழும்பு வெக்கையிலை இருக்கிற சனத்துக்குப் பனிக்கடல் என்னத்துக்கு? பிள்ளை வளர்ப்பு, குடும்பம், அப்பிடி ஏதும் சொல்லுங்கோவன்."

"எனக்குப் பிள்ளையள் இல்லை. கப்பல்தான் இருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கப்பல் எனக்கு வந்து சேர்ந்தது நான் வேலைசெய்த கந்தோரால். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் என்ன சேதம் என்று பார்த்து அறிக்கை எழுதும் சிறிய கந்தோர் ஒன்றில் இருபத்தாறு வருடம் தட்டச்சு வேலை செய்தேன். துருப்பிடித்த தகடு, விரிசல் விட்ட அடிப்பாகம், நனைந்த சரக்கு என்று எல்லாமே என் விரல்களுக்கூடாகப் போயிருக்கின்றன. கந்தோர் சிறிய இடத்துக்கு மாறியபோது பழைய புத்தகங்களைக் எடைக்கு வாங்கும் கடதாசிக்காரனுக்குக் கட்டினார்கள். மேலே கிடந்த, இந்தக் கப்பலைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கினேன். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அது. வேலை பாதி நாள்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தை இரண்டு தரம் படித்து முடித்தேன். இத்தனை வருடம் சேதமான கப்பல்களைப் பற்றியே தட்டச்சடித்தவளுக்கு, சேதமாகாமல் திரும்பிய ஒரு கப்பலின் கதை பெரிய ஆறுதலாக இருந்தது.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. என் பெயருக்குக் கீழே "இல்லறத்தில் பெண்ணின் பங்கு" என்று போட்டிருந்தது. உடனே செயலாளருக்குப் போன் எடுத்தேன்.

"கமிட்டி முடிவு அக்கா. இடையிலை கப்பலையும் ரெண்டு வசனம் சொல்லுங்கோ, பரவாயில்லை."

கிருலப்பனையில் இருக்கும் என் தங்கச்சி, "மானக்கேடு அக்கா, போகாதை" என்றாள்.

"போவன். கப்பலைத்தான் கதைப்பன்" என்றேன்.

அன்று முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான தலைவர், பெண் குடும்பத்தின் விளக்கு என்று தொடங்கி நீளமாக அறிமுகம் செய்தார். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் நான் சொன்னேன். "அழைப்பிதழில் உள்ள தலைப்பு நான் கொடுத்ததல்ல. அதைக் கேட்க வந்தவர்கள் எழும்பிப் போகலாம், கோவிக்கமாட்டேன். நான் ஒரு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன்." ஐந்து பேர் எழும்பிப் போனார்கள். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கதையைச் சொன்னேன். சைபீரியாவுக்கு வடக்கே பனி நெரித்து நொறுக்கிய ஒரு கப்பலின் உடைவுகள், சில வருடம் கழித்துக் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. பனிக்கட்டியே கடலோடு நகர்கிறது என்று அதிலிருந்து நோர்வேக்காரர் ஒருவர் ஊகித்தார். அப்படியென்றால் ஒரு கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் சிக்கவைத்தால் அது துருவப் பக்கமாக மிதந்து போகும் என்றார். பெரிய பெரிய மாலுமிகள் அதைத் தற்கொலை என்றார்கள். அவர் கேட்கவில்லை. கப்பல் கட்டுபவர் ஒருவரைப் பிடித்து, கனத்த மரத்தில், வயிறு உருண்ட ஒரு கப்பலைக் கட்டுவித்தார். அவர்களுடைய மொழியில் அதன் பெயருக்கு "முன்னே" என்று பொருள். பதின்மூன்று பேரோடு அது பனிக்குள் போய் உறைந்தது. தளத்தில் காற்றாடி பூட்டி மின்விளக்கு எரித்தார்கள். கடலின் ஆழம் பார்க்க இறக்கிய கயிறு அடியைத் தொடவில்லை. அதனால் கப்பலின் இரும்பு வடம் ஒன்றைப் பிரித்து, புரி புரியாக முடிந்து, நீளமான கயிறு செய்தார்கள். அங்கே ஆழம் குறைந்த கடல்தான் இருக்கும் என்று உலகம் நம்பியிருந்தது, இருந்ததோ பெருங்கடல். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துக் கப்பல் வெளியே வந்தது. போனவர்களில் ஒருவரும் சாகவில்லை.

பேசி முடித்தேன். கேள்வி உண்டா என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். கதவடியில் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். மண்டபம் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கணவர். அவளைக் கூட்டிப்போக வந்து காத்து நின்றவர்.

"மிஸ், நான் பேலியகொட மீன் மார்க்கட்டுல ஐஸ் ஒடைக்கிறவன். ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"மூலை வச்ச பெட்டியில தண்ணி ஊத்தி ஐஸாக்கினா பெட்டி வெடிச்சிடும். வாய் விரிஞ்ச பேசின்ல வச்சா வெடிக்காது, ஐஸ் மேல எழும்பி வந்துடும். அந்தக் கப்பலும் அப்படித்தானா? இங்க ஐஸ் எழும்புது, அங்க கப்பல் எழும்புச்சா?"

அந்தப் புத்தகம் ஒரு முழு அத்தியாயத்தில் சொன்னதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். "ஓம், அதேதான்" என்றேன். "பனி ரெண்டு பக்கத்தாலும் நெரிக்க நெரிக்க, கப்பல் நழுவி மேலே வந்திட்டுது."

"சரி மிஸ். சுக்கான் அடியில இருக்குமே? அத ஐஸ் புடிச்சிக்கிட்டா முறிஞ்சிருமில்ல?"

நான் சொல்ல மறந்துபோன விஷயம் அது. சுக்கானையும் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியையும் கிணற்று வாளிபோல மேலே தூக்கிவிடலாம், அதற்கென்றே கப்பலில் துவாரம் விட்டிருந்தார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி, "வேலை தெரிஞ்ச ஆள்" என்று கட்டியவரைப் பாராட்டினார். அதன் பிறகு கேள்விகள் மழைபோல வந்தன. என்ன சாப்பிட்டார்கள், குளிருக்கு என்ன செய்தார்கள், பைத்தியம் பிடிக்கவில்லையா?

கடைசியில் தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். "ஆகவே நண்பர்களே, இந்தக் கப்பலைப் போலத்தான் எமது இனமும்..."

நான் எழும்பிப் போய் அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். பறித்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. "இல்லை ஐயா. எங்களைப் பற்றிச் சொல்ல எங்கடை கதையள் நிறைய இருக்கு. இது ஒரு கப்பலின்ரை கதை. மரத்தையும் பனியையும் கடலையும் பற்றி அறியிறதுக்கு எங்களுக்கு ஒரு காரணம் வேணுமோ? மற்றச் சனம் காரணம் இல்லாமல்தானே படிக்குது?"

முதலில் கைதட்டியது கதவடியில் நின்ற புருஷனும் பெண்சாதியும்தான்.

அதோடு அந்த வட்டத்தின் பேச்சாளர் பட்டியலில் என் பெயர் இல்லாமல் போனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கப்பலின் மிச்சக் கதையும் சொல்லப்படாமல் கிடந்தது. வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் உள்ள டியூஷன் வகுப்பறையை ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். வந்தது எட்டுப் பேர். தங்கச்சி முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பேலியகொடைக்காரரும் மனைவியும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். செயலாளரும் வந்தார், கடைசி வாங்கில் இருந்து குறிப்பெடுத்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு பெரும் பயணங்களைச் சொன்னேன். வடக்கேயுள்ள தீவுகளுக்கு ஒன்று, தென் துருவத்துக்கு மற்றது. அதற்குப் பிறகு ஒருவருக்கும் வேண்டாமல் அது துறைமுகத்தில் கிடந்து உக்கியதையும், சிலர் விடாப்பிடியாக நின்று அதைத் திருத்தி, கரையில் ஏற்றி, அதைச் சுற்றி ஒரு கட்டடமே எழுப்பியதையும் சொன்னேன். கடற்கரைத் தண்டவாளத்தில் இரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டியிருந்தது.

முடிந்ததும் மண்டபம் கூட்டுகிற அந்தப் பெண் கேட்டாள். "மிஸ், பதிமூணு ஆம்பளைங்க மூணு வருஷம் அதுக்குள்ளயே இருந்திருக்காங்க. யாரு கூட்டினது, கழுவினது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க, நான் நெசமாத்தான் கேக்குறேன்."

தெரியாது என்று சொல்லி, அவளுடைய கேள்வியைப் பலகையில் பெரிதாக எழுதினேன். அடுத்த நாளே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் தரம் படிக்கத் தொடங்கினேன்.